சபாரி முகாம்களின் காட்சிக் குறிப்புகள்: ஓர் அளவை நோக்கு

காட்சிக் குறிப்பு என்பது இற்றை நாளில் வளர்ந்துவரும் ஓர் உரைநடை வகையாகும். ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள சபாரி முகாம்கள், தம்மைச் சூழ்ந்த காட்டில் அண்மையிற் காணப்பட்ட விலங்குகளைப் பற்றிக் கிழமைதோறும் திங்கள்தோறும் எழுதி வெளியிடுகின்றன. இன்ன நாளில் இன்ன ஆற்றங்கரையிற் சிறுத்தையொன்று இரையோடு மரத்தின்மேல் இருந்தது. இன்ன நாளிற் காட்டுநாய்க் கூட்டமொன்று முகாமின் வாயிலருகே ஓடிற்று. இவ்வாறு அக்குறிப்புகள் செல்லும். 'சபாரி' என்பது சுவாகிலி மொழியார் அரபியிலிருந்து கொண்ட சொல். பயணம் என்பதே அதன் பொருள்.

இத்தகைய எழுத்து இலக்கியத் திறனாய்வுக்கு உரியதோ என்று சிலர் ஐயுறலாம். கொடைக் கணக்கு எழுதிய கல்வெட்டையும், வாணிகர் எழுதிய நாட்குறிப்பையும் உரைநடை வரலாற்றில் வைத்து ஆராயும் நாம், காட்டிற் கண்டதை எழுதிய குறிப்பை விலக்குதற்குக் காரணம் இல்லை. எழுதுவார்க்கு ஒரு நோக்கமும், படிப்பார்க்கு ஓர் எதிர்பார்ப்பும், இரண்டிற்கும் இடையே நிலைபெற்ற ஒரு வடிவமும் எங்கு உளவோ அங்குத் திறனாய்வுக்கு இடம் உண்டு. அன்றியும், இக்குறிப்புகளால் விளையும் நன்மையும் தீமையும் ஏட்டளவில் நில்லாமல் விலங்கின் உயிரையும் மக்களின் உரிமையையும் தொடுகின்றன. ஆதலின் இவற்றை ஆராய்தல் பொழுதுபோக்கு ஆகாது.

ஆராய்ச்சிக்கு ஒரு கருவி வேண்டும். மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் அளவைகள் தொகுத்துக் கூறப்படுகின்றன. ஒரு பொருளை உண்டென்று துணிதற்குரிய வழிகளே அளவைகள். அவற்றுட் காண்டல், கருதல், உரை எனப்படும் ஆகமம், இன்மை எனப்படும் அபாவம் ஆகிய நான்கையும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். சமயவாதிகளின் வழக்கினைத் தீர்த்தற்கு எழுந்த இப்பகுப்பு, 'கண்டேன்' என்று கூறும் எந்த எழுத்தையும் உரைத்துப் பார்த்தற்கு ஏற்ற கல்லாகும். எம் முடிவை முன்னரே கூறிவிடுகின்றோம். முகாம்களின் குறிப்புகள் காண்டல் ஒன்றே தமக்கு அளவை என்பனபோல எழுதப்படுகின்றன. உண்மையில் அவை கருதலாலும் உரையாலும் இன்மையாலும் தாங்கப்படுவன. அம்மூன்றையும் மறைக்கும் குறிப்பு வேட்டைப் பட்டியலாகச் சுருங்குகின்றது; அவற்றை வெளிப்படுத்தும் குறிப்பு சான்றாக உயர்கின்றது.

1. வேட்டைப் பட்டியலின் வழி

இவ்வகையின் தோற்றத்தை முதற்கண் காண்போம். அமெரிக்க நாட்டுக் குடியரசுத் தலைவராயிருந்து 1909-இற் பதவி நீங்கிய தியோடர் ரூசுவெல்ட், அவ்வாண்டே சுமித்சோனியன் நிறுவனத்தின் சார்பிற் கிழக்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்றார். அவரும் அவர் மகன் கெர்மிட்டும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. 1910-இல் வெளிவந்த அவர்தம் பயணநூலில் விலங்கின் பெயரும் எண்ணும் நிரல்பட அமைந்த பட்டியல் இடம்பெற்றுள்ளது. எர்னஸ்ட் ஹெமிங்வே தம் வேட்டைப் பயணத்தைப் பொருளாகக் கொண்டு 1935-இல் வெளியிட்ட 'ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்' என்னும் நூலிலும் கூடு மானைத் தேடிச் செல்லும் வேட்கையே கதையை இயக்குகின்றது. தேடல், அடைதல், எண்ணுதல் ஆகிய மூன்றும் வேட்டை எழுத்தின் உறுப்புகள்.

துப்பாக்கியின் இடத்தை ஒளிப்படக் கருவி பெற்றபின்னும் அவ்வுறுப்புகள் மறைந்தில. முகாம்களின் குறிப்புகளில் மிகுதியும் வழங்கும் 'ஐம்பெரு விலங்குகள்' என்னும் தொடரே இதற்குச் சான்று. அரிமா, சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் ஆகிய ஐந்தும் உருவின் பெருமையால் இப்பெயர் பெறவில்லை. உருவமே காரணமாயின் நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் விலக்கப்பட்டிரா, சிறுத்தை சேர்க்கப்பட்டிராது. காலால் நடந்து வேட்டையாடுவார்க்கு மிக்க இடர் விளைப்பவை என்பது பற்றி வேட்டுவர் வகுத்த தொகுதி இது. வேட்டையை விட்டொழித்த முகாமும் வேட்டுவன் வகுத்த வரிசையிலேயே தன் காட்டைக் காண்கின்றது. ஐந்தையும் ஒரே நாளிற் கண்டுவிட்டால் அந்நாட் குறிப்பு வெற்றி முழக்கமாகின்றது. ஐந்தனுள் அடங்காத இம்பாலா மானோ, தென் ஆப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் எங்கும் நிறைந்திருந்தும், குறிப்பில் இரை என்னும் நிலையிலன்றித் தலைகாட்டுவதில்லை.

வேட்டை எழுத்து காட்சி எழுத்தாக மாறிய காலத்து விளைந்த ஓர் ஏட்டையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். கென்ய நாட்டு அபர்டேர் மலைக்காட்டில் நீர்நிலைக்கு மேல் மரத்திற் கட்டப்பட்ட 'ட்ரீடாப்ஸ்' விடுதி 1932-இல் தொடங்கப்பட்டது. அங்கு இரவிற் காணப்பட்ட விலங்குகளைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் இருந்தது. 1952 பிப்ரவரித் திங்களில் இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத்து அங்குத் தங்கிய இரவில் அவர் தந்தையார் ஆறாம் ஜார்ஜ் மறைந்தார். உடனிருந்தவர், குமாவும் மலைநாட்டில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்றுப் பின் கென்யாவிற் குடியேறிய ஜிம் கார்பெட். அவர் பதிவேட்டில் எழுதிய குறிப்பு, மரத்தின்மேல் இளவரசியாய் ஏறி அரசியாய் இறங்கிய பெண்ணைப் பற்றியது. 1954-இல் அவ்விடுதி மாவ் மாவ் கிளர்ச்சிக்காலத்தில் எரியுண்டது. விலங்குக்காக வைக்கப்பட்ட ஏட்டில் உலகம் நினைவிற் கொண்ட குறிப்பு மனிதரைப் பற்றியதாக அமைந்தமை எண்ணுதற்குரியது. காட்சிக் குறிப்பு தான் கண்ட விலங்கினும் கண்டார் பெருமையையே பேசும் போக்கு உடையது என்பதை இவ்வொன்று முன்னரே காட்டிவிட்டது.

2. காண்டல்

இவ்வாறு கூறுதலால் இக்குறிப்புகளின் சிறப்பை யாம் மறுக்கின்றோம் என்று கொள்ளற்க. காண்டல் அளவையில் நிற்கும்பொழுதே சில குறிப்புகள் பெரும்பயன் விளைத்துள்ளன. குரூகர் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் காப்பகத்தின் வழிகாட்டிகள், சிறுத்தைகளைத் தனித்தனியே பிரித்தறிகின்றனர். மீசைமயிர் வரிசைக்கு மேலுள்ள புள்ளிகளை வலக்கன்னத்தும் இடக்கன்னத்தும் எண்ணி, மூன்றும் இரண்டும், நான்கும் மூன்றும் என்றாற்போல எழுதிவைப்பர். இவ்வெண் பிறப்பு முதல் இறப்பு வரை மாறாது. ஆதலின், 'ஒரு சிறுத்தையைக் கண்டோம்' என்னும் பொதுமொழி, 'இன்னாளின் மகள் இன்னாளைக் கண்டோம்' என்னும் சிறப்புமொழியாகின்றது. இவ்வாறு பல்லாண்டு சேர்ந்த குறிப்புகளைக் கொண்டு பெண்சிறுத்தைகளின் ஈனுதலும் குட்டிகளின் பிழைப்பும் பற்றிய ஆராய்ச்சிகள் எழுந்தன. சிதறிய மாலைக் காட்சிகள் தொகுதியான பின் அறிவாயின.

காட்டுநாய்க்கும் இது பொருந்தும். ஆப்பிரிக்கக் கண்டம் முழுதும் ஏறத்தாழ 6,600 என்று மதிப்பிடப்பட்ட இவ்வினத்தில் ஒவ்வொரு நாயின் மேனிக்கோலமும் வேறு வேறு. 1988-89-இற் குரூகர் பூங்காவிற்கு வந்த பயணிகள் எடுத்த ஒளிப்படங்களைத் திரட்டி, கோலத்தை ஒப்புநோக்கி, காட்டுநாய்களை எண்ணும் முறை மேற்கொள்ளப்பட்டது. தம் மகிழ்ச்சிக்காகப் படம் எடுத்தவர் அறியாமலே கணக்கெடுப்பில் உதவியாளராயினர்.

ஆயினும், எல்லாக் குறிப்பும் இத்தகுதி பெறுவதில்லை. பெறுவதற்கும் பெறாமைக்கும் வேறுபாடு யாது? தமிழ்ப் பொருளிலக்கணத்தின் முதற்பொருள் என்னும் கருத்து இங்கு உதவும். நிலமும் பொழுதும் இன்றிக் கருப்பொருள் நில்லாது என்பது அகத்திணை நெறி. போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ கழிமுகத்தைக் கருதுக. அங்கோலா மலைநாட்டிற் பெய்த மழைநீர் திங்கள் பல கடந்து, கழிமுகத்தில் மழையற்ற வறண்ட பருவத்தில் வெள்ளமாய் வந்து பரவுகின்றது. வானம் வறண்டிருக்கையில் நிலம் நீரால் நிறையும் இம்முரணே அங்கு யானையும் காட்டெருமையும் திரள்தற்குக் காரணம். அந்நாட்டுச் சவுட்டிக் கால்வாயோ 1980-களின் தொடக்கத்தில் வறண்டு, 2010-அளவில் மீண்டும் ஓடியது. கால்வாய் வறண்ட ஆண்டிற் கண்ட அரிமாவும் ஓடிய ஆண்டிற் கண்ட அரிமாவும் ஒரே நிலத்தின் அரிமா அல்ல. நீரின் நிலையை எழுதாது அரிமாவை மட்டும் எழுதும் குறிப்பு, திணையை நீக்கிக் கருப்பொருளை மட்டும் வைத்த செய்யுள் போல்வது. அழகு இருக்கலாம், பொருள் இராது.

3. கருதல்

இனிக் கருதலளவையைக் காண்போம். புகையைக் கண்டு தீ உண்டென்று துணிதல் கருதலுக்கு எடுத்துக்காட்டாக நூலோர் கூறுவது. சபாரிக் காட்டில் நிகழ்வது பெரும்பாலும் இதுவே. சாபி சாண்ட் பகுதியில் ஜீப்பின் முன்முகப்பில் அமைத்த தனி இருக்கையில் தடங்காண்பார் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் விலங்கைத் தேடுவதினும் மணலைப் படிப்பதே மிகுதி. அடித்தடத்தின் விளிம்பு கூர்மையாயிருப்பின் அது புதியது. அதன்மேல் இரவில் ஊர்ந்த பூச்சியின் கோடு இருப்பின் அது பழையது. ஓடும் விலங்கின் தடம் மண்ணைப் பின்னே தள்ளும். நின்று நோக்கிய விலங்கின் தடம் ஒருபுறம் ஆழ்ந்திருக்கும். இம்பாலா மான்கள் ஒருமுகமாய் நின்று மூக்கால் ஒலித்தால் அம்முகத்தே கொல்விலங்கு உண்டு. பிணந்தின்னிக் கழுகுகளாகிய பாறுகள் மரக்கிளையில் இறங்காது காத்திருந்தால் இரையை உண்ணும் அரிமா இன்னும் அகலவில்லை.

இத்தடமறிவு அறிவியலின் தோற்றுவாயே என்று லூயி லீபன்பெர்க் 1990-இல் வெளியிட்ட 'தடமறியும் கலை' என்னும் நூலில் வாதிட்டார். கண்ட அடையாளத்திலிருந்து காணாத நிகழ்ச்சியை ஊகித்து, அவ்வூகத்தை அடுத்த அடையாளத்தாற் சோதித்து, பிழையாயின் கைவிட்டு வேறு ஊகம் கொள்ளுதல் ஆய்வாளன் தொழிலும் ஆம், தடங்காண்பான் தொழிலும் ஆம் என்பது அவர் கருத்து. இலக்கியம் கற்பார்க்கு இக்கருத்து புதிதன்று. சொற்கிடக்கையிலிருந்து புலவன் உள்ளக்கிடக்கையை உணரும் உரையாசிரியர் செயலும் இதனையே ஒத்தது.

இவ்வளவு நுண்ணிய கருதல் முகாமின் குறிப்பில் என்ன ஆகின்றது என்பதே எம் வினா. வேறுபாடு விளங்குதற்பொருட்டு யாமே அமைத்த இரு வடிவங்களைத் தருகின்றோம். முதலாவது: 'மாலை உலாவில் மருலா மரத்தின்மேல் அழகிய சிறுத்தை, இம்பாலா இரை, மறக்கவொண்ணாக் காட்சி.' இரண்டாவது: 'விடியலில் மணற்பாதையிற் பெண்சிறுத்தையின் தடம் கண்டோம். பனியீரத்தின்மேற் பதிந்திருந்தமையின் இரவு கழிந்தபின் சென்றது என்று தடங்காண்பார் துணிந்தார். கற்பாறையில் தடம் மறைந்தது. மூன்று மணி நேரம் வறிதே சுற்றினோம். நண்பகலில் அணில்கள் ஒலித்த திசையிற் சென்று, இம்பாலாவின் உடல் தொங்கிய மருலா மரத்தைக் கண்டோம். சிறுத்தை அங்கு இல்லை. மாலையில் மீண்டு வந்தபோது இருந்தது.'

முதல் வடிவமே முகாம்களின் ஏடுகளில் மிகுதி. அதில் விலங்கு வானத்திலிருந்து வீழ்ந்தாற்போலத் தோன்றுகின்றது. இரண்டாவதில் காடு முழுதும் பேசுகின்றது. மண், பனி, அணில், இம்பாலா, தவறிய வழி, காத்திருந்த பொழுது ஆகிய யாவும் சிறுத்தையின் பகுதியாகின்றன. சுவை மிகுதற்காக இதனை வேண்டுகின்றோம் அல்லோம். எவ்வாறு அறிந்தோம் என்று கூறாத அறிவு பிறராற் சோதிக்கப்படாது. சோதிக்கப்படாத சான்று சான்றாகாது.

பாறு பற்றிய ஒரு செய்தி இதன் இன்றியமையாமையை வலியுறுத்தும். முகாம்களின் குறிப்புகளில் பாறு, அரிமாவின் இரையைக் காட்டும் விரலாகவே வரும். 2019 ஜூன் திங்களிற் போட்ஸ்வானாவின் வடபகுதியில் 537 பாறுகள் நஞ்சுண்டு மாண்டன. திருட்டு வேட்டைக்காரர் கொன்ற மூன்று யானைகளின் உடலில் நஞ்சு இடப்பட்டிருந்தது. வானில் வட்டமிடும் பாறுகள் கொலை நிகழ்ந்த இடத்தைக் காவலர்க்குக் காட்டிக்கொடுப்பதே இத்தகைய நஞ்சூட்டலுக்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. தடமறிவின் மதிப்பைக் குறிப்பெழுதுவாரினும் கொல்வோர் நன்குணர்ந்துள்ளனர் என்பது வருந்துதற்குரிய உண்மை. அடையாளமாய்ப் பயன்படும் பறவையை அடையாளமாக மட்டும் எழுதி, அதன் வாழ்வை எழுதாமை குறையாகும்.

4. உரை

மூன்றாவது அளவையாகிய உரை, நம்பத்தக்கார் கூற்று. இங்கேதான் இவ்வகை எழுத்தின் பெருங்குறை வெளிப்படுகின்றது.

கென்யாவின் லைக்கிப்பியா உயர்நிலத்தில் 2018-இல் தானியங்கி ஒளிப்படக் கருவிகளில் கருஞ்சிறுத்தை பதிவாயிற்று. அது தனியினம் அன்று. மேனிநிறப் பொருள் மிகுந்து கருமை பெற்ற சிறுத்தையே. இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் அதன் மறைந்த புள்ளிகள் தெளிவாய்த் தோன்றும். 2019 பிப்ரவரியில் அப்பகுதி முகாமொன்றன் அருகே ஒளிப்படக் கலைஞர் ஒருவர் எடுத்த படங்களும் வெளிவந்தன. ஆப்பிரிக்காவில் நூறாண்டிற்குப் பின் காணப்பட்ட முதற் கருஞ்சிறுத்தை என உலகச் செய்தித்தாள்கள் எழுதின. 1909-இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் எடுத்த படத்திற்குப் பின், அறிவியல் முறைப்படி உறுதி செய்யப்பட்ட பதிவு என்பதே ஆய்வாளர் உரைத்தது. 'உறுதி செய்யப்பட்ட' என்னும் அடைமொழி செய்தியில் உதிர்ந்துபோக, 'முதன்முறை' என்பதே எஞ்சிற்று. தம் படப்பிடிப்பாளர் 2013-இலேயே கருஞ்சிறுத்தையைப் படம் எடுத்தமையைக் கென்யச் செய்தித்தாளொன்று எடுத்துக்காட்டி மறுத்தது. அந்நிலத்து மக்களோ அதனை நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். அவர்கள் கண்டது காண்டலாக எண்ணப்படவில்லை. அவர்கள் சொன்னது உரையாகவும் கொள்ளப்படவில்லை. ஓர் அடைமொழி நீங்கியதால் ஒரு நிலத்தார் அறிவு முழுதும் நீங்கிய இந்நிகழ்ச்சி, சொல்லாராய்ச்சி செய்வார் கருத்திற்குரியது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2019 செப்டம்பரில் கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்தில், வரிகளுக்கு மாறாகக் கருமேனியில் வெண்புள்ளிகள் கொண்ட வரிக்குதிரைக் குட்டியொன்று காணப்பட்டது. அதனை முதலிற் கண்ட மாசாய் வழிகாட்டியின் பெயரே அக்குட்டிக்கு இடப்பட்டுத் 'தீரா' என வழங்கிற்று. பெயரளவிலேனும் கண்டவர் காட்சியோடு நின்றார். இது விதிவிலக்கு. பொதுவாகக் குறிப்பில் எழுதுவார் பெயர் இருக்கும். விருந்தினர் பெயர் சில வேளை இருக்கும். தடத்தைக் கண்டவர் பெயர் அரிதாகவே இருக்கும். செயப்பாட்டு வினையின் நிழலில் அவர் மறைகின்றார்: 'சிறுத்தை காணப்பட்டது' என்று எழுதுவர், யாராற் காணப்பட்டது என்று எழுதார். எழுவாய் மறைதல் இலக்கண அளவிற் பிழையன்று. மறைந்த எழுவாய் எப்பொழுதும் ஒரே வகுப்பினராக இருப்பின், அஃது இலக்கணத்தின் எல்லையைக் கடந்து நீதியின் எல்லையிற் புகுகின்றது.

இதன் வேர் ஆழமானது. குரூகர் பூங்காவின் வடகோடியில், லிம்போப்போவும் லுவுவ்கு ஆறும் கூடும் பஃபூரி நிலத்தில் மாக்குலேக்கே மக்கள் வாழ்ந்தனர். 1969-இல் அவர்கள், ஏறத்தாழ 3,000 பேர், அந்நிலத்திலிருந்து அகற்றப்பட்டனர். நிலம் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. இனவொதுக்கல் ஆட்சி ஒழிந்தபின், 1998-இல் இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்நிலம் அவர்கட்கே மீண்டது. அவர்கள் அதனை விலங்குகட்கே விட்டுவைத்து, அங்கு முகாம்கள் நடத்த இசைந்தனர். இன்று அப்பகுதியைப் பற்றி எழுதப்படும் குறிப்பில் யானையும் பறவையும் மஞ்சட் பட்டைக் காய்ச்சல்மரக் காடும் வரும். 'மனிதர் தீண்டாக் காடு' என்னும் தொடரும் இத்தகைய எழுத்திற் பழகிய ஒன்று. மாக்குலேக்கே நிலத்தைப் பற்றி அத்தொடரை எழுதுதல் வருணனைப் பிழையன்று, வரலாற்றுப் பொய். ஊர் இருந்த இடத்தைக் காடு என்று எழுதும்பொழுது, 1969-இல் வண்டியில் ஏற்றியதை எழுத்து மறுமுறையும் செய்கின்றது.

5. இன்மை

நான்காவது இன்மை. இல்லாமையும் ஓர் அறிவு என்பது அளவை நூலார் கண்ட நுட்பம். காட்சிக் குறிப்பில் இதற்கு இரு வடிவம் உண்டு: தேடியும் காணாமை ஒன்று, கண்டும் கூறாமை மற்றொன்று.

முதலாவதற்குத் தான்சானியாவின் செரங்கெட்டி சான்று தரும். 2010-இல் அங்கு ஆய்வாளர் 225 தானியங்கி ஒளிப்படக் கருவிகளை நிறுவினர். 2013 வரை கிடைத்த ஏறத்தாழ 12 இலட்சம் படத்தொகுதிகளில், விலங்கு இருந்தவை ஏறத்தாழ 3 இலட்சத்து 22 ஆயிரம். எஞ்சியவற்றிற் காற்றில் அசைந்த புல்லும் வெறும் நிலமுமே. நாற்கூற்றில் முக்கூறு வெறுமை என்பது காட்டின் இயல்பான முகம். முகாம்களின் ஏட்டிலோ வெறுமை ஒரு வரியும் பெறுவதில்லை. ஒவ்வொரு நாளும் நிறைந்த நாளாகவே தோன்றும். படித்து வருவோர் காட்டை விலங்குச்சாலை எனக் கொண்டு வருகின்றனர்; வெறுமையைக் கண்டு ஏமாறுகின்றனர்; வழிகாட்டியை நெருக்குகின்றனர்; ஒரு சிறுத்தையைச் சுற்றிப் பல வண்டிகள் நெருங்குகின்றன. எழுத்தில் விடுபட்ட வெறுமை, காட்டில் நெரிசலாய் வெளிப்படுகின்றது.

தென் ஆப்பிரிக்கப் பறவை நிலப்பட ஏட்டுத் திட்டம் 1987 முதல் 1991 வரையிலும், பின் 2007 முதல் இரண்டாம் முறையாகவும் நடத்தப்பெற்றது. இரண்டாம் திட்டத்தில், குறித்த சிறுநிலத்திற் குறைந்தது இரண்டு மணி நேரமேனும் நோக்கியபின் பட்டியல் எழுத வேண்டும் என்பது நெறி. நோக்கிய நேரம் தெரிதலின், பட்டியலில் இல்லாத பறவையும் பொருள் பெறுகின்றது. ஒரு பறவை பத்தாண்டில் மெல்ல மெல்லக் காணாமற் போதலை இத்தகைய பட்டியலே காட்ட வல்லது. கண்டவற்றை மட்டும் எழுதும் ஏட்டில் ஓர் இனம் அழிந்தாலும் அழிவு தெரியாது. எழுதப்படாமை ஒன்றே நிகழும்.

இரண்டாவது இன்மை, அறத்தின் பாற்பட்டது. தென் ஆப்பிரிக்காவில் 2007-இற் கொம்பிற்காகக் கொல்லப்பட்ட காண்டாமிருகங்கள் 13, 2014-இல் 1,215. 2023-இலும் 499 கொல்லப்பட்டன. ஆதலின் காண்டாமிருகம் நின்ற இடத்தை எழுதாமை இன்று முகாம்கள் பலவற்றில் வழக்கமாயுள்ளது. விருந்தினர் எடுத்த படத்தோடு இடக்குறியும் சேர்ந்து வெளிவராதிருக்கவும் வேண்டுகோள் விடுக்கின்றனர். ஐம்பெரு விலங்குகளில் ஒன்று இவ்வாறு ஏட்டிலிருந்து தானே விலகிக்கொண்டது. வேட்டைப் பட்டியலின் வழிவந்த எழுத்து, வேட்டைக்கு அஞ்சித் தன் பட்டியலில் ஒரு வரியை வெறுமையாக விடுகின்றது. இவ்வகை எழுத்தின் வரலாற்றில் யாம் பெரிதும் மதிக்கும் வளர்ச்சி இதுவே. எழுதுதலின் பொறுப்பு எழுதாமையையும் உள்ளடக்கும் என்பதை இக்குறிப்பெழுதுவார், இலக்கண நூல் கற்று அறியாமல், இழப்பினால் அறிந்தனர்.

6. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். முகாம் ஒரு தொழில். குறிப்பு அதன் விளம்பரம். விளம்பரத்தில் வெறுமையையும் பெயரறியார் பெயரையும் 1969-ஐயும் எழுதுக என்றல் பொருந்துமோ? வருவார் பணத்தாலன்றோ காடு காக்கப்படுகின்றது? விலங்குகளைப் பெருமைப்படுத்தி எழுதும் எழுத்தே அவற்றுக்கு அரணாகாதோ?

இத்தடையில் உண்மை உண்டு. வருவார் இல்லாத காட்டிற்குக் காவல் குறையும் என்பதை யாம் மறுக்கவில்லை. மாக்குலேக்கே மக்களும் முகாம்களின் வருவாயை எண்ணியே நிலத்தை விலங்குகட்கு விட்டனர். ஆயினும் விளம்பரம் எதனை விளம்புகின்றது என்பதில் ஆராய்ச்சி வேண்டும். ஐந்து விலங்குகளை மட்டும் விளம்புவது, ஐந்தன் பொருட்டே வருவாரை வருவிக்கும். அவர்கட்கு ஆறாவது விலங்கின் அழிவு இழப்பாகத் தோன்றாது. தடத்தையும் பருவத்தையும் காத்திருத்தலையும் விளம்பும் குறிப்போ, ஐந்தும் தோன்றாத நாளிலும் காட்டை நேசிப்பாரை வருவிக்கும். ஐந்து விலங்குகளுள் ஒன்று குன்றினாலும் தொழில் குன்றாமல் நிற்பதற்கு இரண்டாவதே வழி. எனவே யாம் வேண்டுவது தொழிலுக்கும் பகையன்று.

மேலும், இக்குறிப்புகள் விளம்பரமாய்ப் பிறந்தும் விளம்பரமாய் நில்லாமையை முன்னரே கண்டோம். சாபி சாண்ட் சிறுத்தைக் குறிப்புகளை எழுதியோர் ஆராய்ச்சியாளர்க்கென்று எழுதவில்லை. குரூகர் பூங்காவிற் காட்டுநாயைப் படம் எடுத்தோர் கணக்கெடுக்க வரவில்லை. இன்று எழுதப்படும் குறிப்பு நாளை எவ்வினத்தின் கடைசிச் சான்றாகும் என்பதை எழுதுவார் அறியார். அறியாமையினாலேயே கவனம் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நான்கு கருத்துகள் பெறப்படும். காண்டலை எழுதுவார் நிலத்தையும் பொழுதையும் உடன் எழுதல் வேண்டும். கருதலால் அறிந்ததைக் காண்டலால் அறிந்ததாகக் காட்டலாகாது; எவ்வடையாளத்தால் எவ்வாறு துணிந்தனர் என்று கூறுதல் வேண்டும். உரை தந்தாரை, அவர் தடங்காண்பாராயினும் நிலத்துப் பழங்குடியினராயினும், பெயர் கூற அவர் இசையின் பெயரோடு கூறல் வேண்டும். தேடிய பொழுதையும் பெற்ற வெறுமையையும் மறைக்கலாகாது. உயிர்க்கு இடர் விளைக்கும் இடத்தை மட்டும் மறைத்தல் வேண்டும்.

இந்நான்கும் நிறைந்த குறிப்புகள் இன்று சிலவே. ஆயினும் அவை இல்லாமல் இல்லை. திங்கள்தோறும் வெளிவரும் ஏடுகளில், சிறுத்தையின் படத்திற்குக் கீழே, அதனைக் கண்ட வழியையும் காணாது கழிந்த காலையையும் தடங்காண்பார் கூறிய சொல்லையும் பொறுமையாய் எழுதும் இளவழிகாட்டிகள் ஆங்காங்கே தோன்றியுள்ளனர். அவர்தம் எழுத்தைத் தனியே தொகுத்து ஆராய்தல் அடுத்துச் செய்யற்பாலது. தடங்காண்போர் தம் சொங்கா மொழியிற் கூறும் தடமறிவுரைகளை அவர்தம் சொற்களிலேயே பதிந்து ஒப்புநோக்குதல் அதனினும் முற்படச் செய்யற்பாலது. ஏனெனின் முதுதடங்காண்போர் பலர் அகவையால் மூத்துவிட்டனர். அவர்களோடு அவ்வுரைகளும் மறையுமாயின், எஞ்சும் ஏடுகளிற் சிறுத்தை இருக்கும், அதனிடம் சென்ற வழி இராது.